பழைய புத்தகப் பெட்டியைத் திறக்கும்போது

காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் நூலகராக இருக்கிறேன். புத்தகத்தைத் தொடாத நாள் எனக்கு விடியாது. போன மாதம் ஓர் ஆச்சி, இரண்டாங்கட்டு அறையில் கிடந்த டிரங்குப் பெட்டி நிறையப் புத்தகங்களைப் பள்ளிக்குக் கொடுத்தார். "பிள்ளைங்க படிக்கட்டும் தம்பி" என்றார்.

இப்படி வருபவற்றை உடனே அலமாரியில் அடுக்கிவிடாதீர்கள். ராமபாணப் பூச்சி இருந்தால் மற்றவற்றுக்கும் பரவும். முதலில் நிழலில், விசிறிக் காற்றில் உலரட்டும். நேர் வெயில் வேண்டாம், பழந்தாள் முறியும். மெல்லிய தூரிகையால் முதுகுப் பக்கத்தைத் துடையுங்கள். அட்டை ஒட்டிய பசையைத்தான் பூச்சி தேடி வரும். நடமாட்டம் தெரிந்தால் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்து ஒரு நாள் கழித்தே பையைப் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் தாளில் ஈரம் கோக்கும். மருந்து வாடை இல்லை, பிள்ளைகள் தாராளமாகத் தொடலாம்.

அலமாரி சுவரிலிருந்து நாலு விரல் தள்ளியே இருக்கட்டும். ஐப்பசி மழையில் சுவர் ஓதம் ஏறும். வசம்பைத் துணியில் முடிந்து வைப்பது பழைய வழக்கம். நானும் வைக்கிறேன், ஆனால் அது மட்டும் போதாது.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த நூல்களைக் கொண்டுதான் 1994-இல் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் உருவானது. அதனால் அட்டை கிழிந்ததையும் எடைக்குப் போடுமுன் ஒரு நூலகரிடம் காட்டுங்கள். தாள்களுக்கு நடுவிலும் பாருங்கள்: ஆச்சியின் பெட்டியில் பழைய கடிதம் ஒன்று இருந்தது, கொண்டுபோய்க் கொடுத்தேன்.