எண்ணூருக்குப் போகும் முன் வாசல் பூவரசு: இயற்கைக் குறிப்பேடு தொடங்குவது எப்படி?

"வடசென்னையில் ஏது இயற்கை? லாரியும் தூசியும்தானே" என்று கேட்பவர்கள் நிறைய. நான் திருவொற்றியூரில் இருக்கிறேன். வாரம் இரண்டு நாள் நோட்டோடு வெளியே போகிறேன். ஒரு நாளும் வெறும் பக்கத்தோடு திரும்பியதில்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் இந்த வரிசையில் போனால் சுலபமாக இருக்கும்.

1. நோட்டும் பென்சிலும்

கோடு போடாத சின்ன நோட்டு, ஒரு 2பி பென்சில். அவ்வளவுதான். பேனா வேண்டாம், நம் ஊர் வியர்வையிலும் தூறலிலும் மை கலைந்துவிடும்.

2. ஒரே இடம்

முதல் மாதம் ஊர் சுற்ற வேண்டாம். நடந்து போகும் தூரத்தில் ஒரு மரம் போதும். என் சிபாரிசு பூவரசு. சின்ன வயதில் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதினோமே, அதே மரம்தான்.

காலையில் புதிதாக விரிந்த ஒரு பூவின் காம்பில் நூலைத் தளர்வாகக் கட்டுங்கள். ஏழு மணி, பதினொன்று, மூன்று, ஆறு என்று நான்கு முறை போய்ப் பாருங்கள். காலையில் இதழ் மஞ்சள், உள்ளே அடியில் கருஞ்சிவப்புத் திட்டு. நேரம் போகப் போக மஞ்சளில் செம்மை ஏறும். எந்த நேரத்தில் நிறம் மாறத் தொடங்கியது, அன்று வெயிலா மேகமா என்று எழுதுங்கள். அடுத்த வாரம் இன்னொரு பூவில் அதையே செய்யுங்கள். காய்கள் பக்கம் கறுப்புத் திட்டுள்ள சிவப்புப் பூச்சிகள் கூட்டமாகத் தெரிந்தால் அதையும் குறியுங்கள். பருத்தி விதையில் சாறு குடிக்கும் பூச்சி அது. பூவரசும் பருத்திக் குடும்பம் என்பதால் இங்கேயும் வருகிறது.

3. எண்ணி எழுதுவது

தேதி, நேரம், இடம், காற்று, வானம்: இந்த ஐந்தும் முதல் வரியில். அப்புறம் கண்ணில் பட்டது மட்டும். "காக்கை கோபமாக இருந்தது" என்று எழுதாதீர்கள். "பூனையைப் பார்த்து ஏழு முறை கத்தியது" என்று எழுதுங்கள். "நிறைய" என்ற சொல்லையும் விட்டுவிடுங்கள். கூட்டம் பெரிதானால் பத்து பறவைகளை எண்ணி, அந்த அளவுக் கூட்டம் எத்தனை என்று பாருங்கள்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. கூழைக்கடாக்களின் இறகெல்லாம் எண்ணெய். அதற்கு முந்தைய டிசம்பரில் அங்கே எத்தனை இருந்தன என்று என் நோட்டைப் புரட்டினேன். "நிறைய கூழைக்கடா" என்று மட்டும் இருந்தது. அந்த வரியை வைத்துக்கொண்டு எதையும் ஒப்பிட முடியவில்லை. இன்றும் அது மனதை உறுத்துகிறது.

4. படம்

அழகாக வரைய வேண்டியதில்லை, வித்தியாசம் தெரிந்தால் போதும். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தின் மேலே வட்டமிடும் பருந்துகளில் பழகலாம். வாலை மட்டும் வரையுங்கள். நடுவில் பிளவுபட்டிருந்தால் கரும்பருந்து. வால் நுனி வளைவாக, தலையும் மார்பும் வெள்ளையாக, உடம்பு செங்கல் நிறமாக இருந்தால் செம்பருந்து. காக்கையில் கழுத்தைப் பாருங்கள்: சாம்பல் நிறமானால் ஊர்க்காக்கை, முழுக்கக் கறுப்பானால் அண்டங்காக்கை.

5. எண்ணூர்

மூன்று மாதம் கழித்து, கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போங்கள். வலசைப் பறவைகள் வரும் அக்டோபர் முதல் மார்ச் வரை நல்ல காலம். தண்ணீர் வற்றிச் சேறு வெளியே தெரியும் நேரம்தான் தோது. நெட்டைக்கால் உள்ளானும் கொக்கும் அப்போதுதான் இறங்கி மேயும். பறவை தலையைத் தூக்கி உங்களையே பார்த்தால் கிட்டே போய்விட்டீர்கள் என்று அர்த்தம், நாலு அடி பின்னால் வந்துவிடுங்கள். சேற்றில் தனியாக இறங்க வேண்டாம்.

அங்கே வலை வீசும் அண்ணன்களிடம், வேலை முடிந்த பிறகு, பறவையைக் காட்டிப் பெயர் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பெயரை அப்படியே எழுதுங்கள். புத்தகத்தில் உள்ள பெயரை வீட்டுக்கு வந்து பக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.