வளவு மண்ணில் ஸ்பிரிங்டெயில் பிடித்து மருந்துச் சோதனை செய்வது எப்படி

மருந்தடித்த வயல் மண் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்க்க ஆய்வுகூடங்கள் நம்பும் பிராணி ஸ்பிரிங்டெயில்: இறக்கை இல்லை, ஆறு கால், வயிற்றுக்கு அடியில் மடித்து வைத்திருக்கும் கவட்டைத் தட்டிவிட்டு எகிறும். அதிகம் பாவிக்கும் இனம் ஃபொல்சோமியா கண்டிடா. வொல்பாக்கியா என்ற பக்டீரியாவின் தயவில் ஆண் இல்லாமலே பெருகும். ஆனால் அது 20 பாகை செல்சியஸில் வளர்க்கிற இனம், கிளிநொச்சி வெயிலுக்கு ஒத்துவராது, ஆகவே நம் மண்ணில் இருப்பதையே பிடிப்போம்.

மாரி மழையில் மண் ஊறியபின் மரத்தடிச் சருகை மேல்மண்ணோடு அள்ளுங்கள். (கண்ணிவெடி அகற்றாத காணிப் பக்கம் போகவே வேண்டாம், சொந்த வளவு போதும்.) தண்ணீர்ப் போத்தலின் மேல்பாதியை வெட்டிக் கவிழ்த்து, வாய்ப்பக்கம் நுளம்புவலைத் துண்டு வைத்துச் சருகை நிரப்பி, மேலே பழைய குண்டு பல்ப் ஒன்றைக் கொஞ்சம் உயரத்தில் தொங்கவிடுங்கள். சூட்டுக்கு விலகிப் பிராணிகள் கீழே இறங்கி, அடியில் வைத்த டப்பாவில் விழும். எல்.ஈ.டி சூடு தராது. அவசரப்பட்டுக் கிட்ட வைத்தால் கீழே இறங்கமுன் உள்ளேயே காய்ந்து செத்துவிடும், மெல்ல மெல்லத்தான் காய வேண்டும்.

கீழே வைக்கும் டப்பாதான் வளர்ப்பிடமும். பிளாஸ்டர் ஒஃப் பாரிஸ் எட்டுப் பங்கு, கரித்தூள் ஒரு பங்கு, தண்ணீர் விட்டுக் குழைத்து ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கு ஊற்றி இறுகவிடுங்கள். கறுப்புத் தரையில் வெள்ளைப் பிராணி பளிச்சென்று தெரியும். தரை குடிக்கும் அளவுக்குத்தான் தண்ணீர், தேங்கக் கூடாது, மழைத்தண்ணீர் நல்லது. சாப்பாட்டுக்குப் பாண் ஈஸ்ட் நாலைந்து குருணை, பூஞ்சணம் பிடித்தால் உடனே எடுத்துவிடுங்கள். வாரத்தில் இரண்டு தரம் மூடியைத் திறந்து காற்று விட்டால் சரி.

அப்புறம் சோதனை. பெரியவற்றைப் புதுத்தரையில் இரண்டு நாள் முட்டையிட விட்டு எடுத்துவிட்டால் ஒரே வயதுக் குஞ்சுகள் கிடைக்கும். பொரித்துப் பத்துப் பன்னிரண்டு நாளில், 30 கிராம் ஈரமண் உள்ள டப்பாவுக்குப் பத்தாக விடுங்கள். சில டப்பாவில் மருந்தடித்த மண், சிலதில் அதே இடத்து மருந்து படாத மண். இரண்டாவது இல்லாமல் செய்கிற சோதனைக்கு ஒரு பெறுமதியும் இல்லை. ஓ.ஈ.சி.டி என்ற சர்வதேச அமைப்பு இந்தச் சோதனைக்கு வகுத்த 232ஆம் இலக்க முறைப்படி மருந்தில்லாத டப்பாக்களில் சராசரி 100 குஞ்சாவது வர வேண்டும், முதலில் விட்டவற்றில் 20 வீதத்துக்கு மேல் சாகக் கூடாது. அந்த 100 ஃபொல்சோமியாவுக்கான கணக்கு, நம்மூர் இனம் அவ்வளவு பெருகாமல் போகலாம்.

28 நாள் முடிய மண்ணில் தண்ணீர் ஊற்றி மெதுவாகக் கலக்குங்கள், எல்லாம் மிதக்கும். கறுப்பு மை சில சொட்டு விட்டுப் போனில் நேர்மேலே நின்று படமெடுத்து, பெரிதாக்கி எண்ணுங்கள்.