பாழடைஞ்ச லயக் காம்பராவ வவ்வாலுக்கும் குருவிக்கும் விடுறது எப்படி

தேயிலைத் தோட்டத்து ஆளுங்க குடியிருந்த வரிசை வீடுதான் லயம், அதுல ஒரு குடும்பத்துக்கான அறை காம்பரா. ஆளுங்க தனி வீட்டுக்குப் போனப்புறம் பூட்டிக் கெடக்குற லயம் நெறைய தோட்டத்துல இருக்கு. ஆபீஸ்ல அனுமதி வாங்கிட்டீங்கன்னு வச்சுக்கிட்டு நேரா வேலைக்குப் போறேன்.

முதல்ல உள்ள யாரு இருக்கான்னு பாருங்க. தரையில கெடக்குற புழுக்கைய குச்சியால நசுக்குனா வவ்வாலுது பொடிப்பொடியா உதிரும், பூச்சி றெக்கை மினுங்கும், எலியுது கெட்டியா இருக்கும். வவ்வால் ஏற்கனவே இருந்தா ஒரு ஆணிகூட அடிக்காம வெளிய வந்துடுங்க, வேலை முடிஞ்சது. கூட்டுறதுன்னா மாஸ்க் போட்டு, தண்ணி தெளிச்சுட்டுக் கூட்டுங்க.

அடுத்தது வாசல், பெரும்பாலும் கோட்டை விடுற எடம் இதுதான். ஜன்னல எல்லாம் தெறந்து போட்டா வவ்வால் வரும்னு நெனைக்கிறாங்க, வராது, அதுக்கு வேண்டியது இருட்டும் காத்தடிக்காத மூலையும். ஒரே ஒரு வாசல் விட்டு மத்தத பலகை வச்சு அடைச்சுடுங்க. மூக்குல லாடம் மாதிரி மடிப்பு இருக்குற குதிரைலாட வவ்வால் பறந்தபடியே உள்ள நுழையும், 40 சென்டிமீட்டர் அகலம் 30 உயரம் இருந்தா தாராளம், குறுக்க கம்பியோ வலையோ கூடாது. இலங்கை மலையகத்துல ஹட்டன், நோர்வூட் பக்கம்னா மே மாசத்துல இருந்து தென்மேல் பருவ மழை அடிக்கிற பக்கம் வாசல் வேணாம். பல்ப் வெளிச்சமும் அதுமேல படக்கூடாது. அடைச்சு முடிஞ்சதும் உச்சி வெயில்ல உள்ள போய் டோர்ச் இல்லாம கொஞ்ச நேரம் நில்லுங்க, தகரத்துல எந்தெந்த ஆணி ஓட்டைன்னு தன்னால தெரியும், வெளிப்பக்கமா அடைங்க. அஸ்பெஸ்டஸ் கூரைன்னா துளை போடாதீங்க, தூசி ஆபத்து.

சின்ன ஜாதி வவ்வால் இடுக்குலதான் ஒண்டும். ரெண்டு பலகைய 2 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, கீழ்ப்பக்கம் தெறந்தபடி சேர்த்து மேல மாட்டுங்க. இழைப்புளி பக்கமே போகாதீங்க, ரம்பம் அறுத்த சொரசொரப்பு அப்படியே வேணும், காலு பிடிக்கணும்ல. பெயின்ட், கரையான் மருந்து ரெண்டும் வேணாம். ஆணிய விட ஸ்க்ரூதான் என் கட்சி, நம்ம பனிக்கு பலகை ஊறிக் காஞ்சு ஆணி கழண்டுக்கும்.

இஸ்தோப்புல, அதாவது முன் திண்ணையில, கூரைக்குக் கீழ ஒரு சாண் விட்டு நாலு அங்குலப் பலகை அடிச்சு வைங்க, தகைவிலான் குருவி வந்தா மண்ணு கொண்டாந்து அதுவே கட்டிக்கும்.

பிறகு சேர்த்தது: பக்கத்துக் காம்பரா குசினிக்குள்ள (சமையலறை) வவ்வால் வருதுன்னு ஒரு அக்கா கமெண்ட் போட்டிருந்தாங்க. லயத்துக்குக் கூரை ஒண்ணுதானே, நெறைய எடத்துல நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. பக்கத்துல ஆள் இருந்தா எல்லாத்துக்கும் முன்னாடி அந்தச் சந்த அடைங்க. வவ்வால் குடி வந்துட்டா அந்தச் சந்த மட்டும் அந்தியில எல்லாம் வெளிய போனப்புறம் அடைங்க, குட்டி இருந்தா அது பறக்குற வரைக்கும் பொறுங்க. வீட்டுக்குள்ள வந்தத வெறுங்கையால பிடிக்காதீங்க, கடிச்சா விசர்நோய் (ரேபிஸ்) ஊசிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடணும், லைட்ட அணைச்சு ஜன்னலத் தெறந்தா தானா போயிடும்.