தார்ச்சாலைக்கும் கரடுமுரடான பாதைக்கும் ஒரே டயர்: பிக்கப் டிரக்குக்குத் தேர்ந்தெடுக்கும் முறை

பிக்கப் டிரக்குக்கு டயர் மாற்றப் போகும் பலரும் முதலில் பார்ப்பது பட்டன்களின், அதாவது டயரின் மேற்பரப்பில் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டிகளின், முரட்டுத் தோற்றத்தைத்தான். அதைக் கடைசியாகப் பார்த்தால் போதும். வண்டி எவ்வளவு எடை சுமக்கிறது, எந்தத் தரையில் அதிகம் ஓடுகிறது, கல்லில் உரசும்போது பக்கச்சுவர் எவ்வளவு தாங்க வேண்டும் என்ற மூன்றும் முடிவாகிவிட்டால், கடையில் அடுக்கியிருக்கும் மாடல்களில் இரண்டோ மூன்றோதான் மிஞ்சும். அதற்குப் பிறகு பட்டனைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது எளிது. இந்த விளக்கமும் அந்த வரிசையிலேயே செல்கிறது. நாள்தோறும் தார்ச்சாலையில் ஓட்டிக்கொண்டு, இடையிடையே சேற்றிலும் மணலிலும் பாறைப் பாதையிலும் இறங்கும் இலகு ரக டிரக்குகளுக்கு மட்டுமே இது பொருந்தும். கனரக லாரி டயர்களின் கணக்கு வேறு.

படி 1: ஓட்டத்தைக் கணக்கிடுங்கள்

கடந்த ஓராண்டில் வண்டி ஓடிய தூரத்தில் எவ்வளவு தார்ச்சாலை, எவ்வளவு சரளை, எவ்வளவு சேறு அல்லது பாறை என்று தோராயமாகவேனும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். போக ஆசைப்படும் இடங்களை அதில் சேர்க்க வேண்டாம். போய் வந்த இடங்கள் மட்டும் போதும். தூரத்தில் பத்தில் ஒன்பது பங்கு தார்ச்சாலை என்றால், மழையில் பிரேக் பிடிக்கும் திறனும் சத்தமும் எரிபொருள் செலவும் தினமும் உங்களைத் தொடும் விஷயங்கள். அந்த மீதி ஒரு பங்கு எப்படிப்பட்டது என்பதும் முக்கியம். உலர்ந்த சரளைச் சாலைக்கு ஏறத்தாழ எந்த நல்ல டயரும் போதும். கூரான பாறைகள் நிறைந்த பாதை, தூரம் குறைவாக இருந்தாலும், தேர்வையே மாற்றிவிடும்.

படி 2: இப்போதுள்ள டயரைப் படியுங்கள்

ஓட்டுநர் கதவைத் திறந்தால் உள்பக்கத் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். வண்டியோடு வந்த டயர் அளவும், குளிர்ந்த நிலையில் நிரப்ப வேண்டிய காற்றழுத்தமும், பெரும்பாலும் ஒவ்வோர் ஆக்சிலும் (இரு பக்கச் சக்கரங்களையும் தாங்கும் அச்சு) தாங்கக்கூடிய அதிகபட்ச எடையும் அதில் இருக்கும். அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து டயரின் பக்கச்சுவரைப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, எல்டி 265/70 ஆர்17 121/118 எஸ் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்டி (LT) என்பது இலகு ரக டிரக்குக்கான கட்டுமானம். 265 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்றால் பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 விழுக்காடு, அதாவது 185.5 மி.மீ. ஆர் என்பது ரேடியல். 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 121 என்பது எடைக் குறியீடு: டயர் தனியாக ஓடும்போது 1450 கிலோ வரை தாங்கும். ஆக்சிலின் ஒரே பக்கத்தில் இரட்டை டயர் பூட்டினால் ஒவ்வொன்றும் தாங்குவது 118-க்குரிய 1320 கிலோ. கடைசியிலுள்ள எஸ் என்பது மணிக்கு 180 கி.மீ. வரையிலான வேகத் தகுதி. க்யூ என்றால் 160, ஆர் என்றால் 170, டி (T) என்றால் 190.

அதே பக்கச்சுவரில், ‘டாட்’ (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின்வரும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரிப்புத் தேதி. 3523 என்றால் 2023-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம். சில டயர்களில் இது ஒரு பக்கத்தில் மட்டுமே முழுமையாக இருக்கும். காணவில்லை என்றால் மறுபக்கம் பார்க்க வேண்டும்.

படி 3: எடையைக் கணக்குப் போடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிச் செல்வோர்தான் அதிகம். பின் ஆக்சிலின் அதிகபட்ச எடை 1800 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு பின் டயரும் குறைந்தது 900 கிலோ தாங்க வேண்டும். அது எடைக் குறியீடு 104. ஆனால் ‘பி’ (P) என்று தொடங்கும் பயணிகள் வாகன டயரை டிரக்கில் பூட்டும்போது, அதன் எடைத் தகுதியை 1.10-ஆல் வகுத்துக் குறைத்துக்கொள்வது நடைமுறை. ஆகவே அந்த வகையில் 990 கிலோவுக்குக் குறையாத தகுதி வேண்டும், அதாவது குறியீடு 108. இந்த எண்ணோடு நின்றுவிடாமல், வண்டியோடு வந்த டயரின் குறியீட்டுக்கும் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூரையில் கூடாரம், முன்னால் இரும்பு பம்பர், பின்னால் தண்ணீர்க் கேன்கள் என்று ஏற்றும் எண்ணம் இருந்தால் அந்த எடையும் சேரும்.

படி 4: ‘பி’ வகையா, ‘எல்டி’ வகையா

எல்டி டயர்களில் சி (C), டி (D), ஈ (E) என்று சுமை வரம்புகள் உண்டு. இவற்றை 6, 8, 10 பிளை என்றும் சொல்வார்கள். 10 பிளை என்றதும் உள்ளே பத்து அடுக்குகள் இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அது பழைய பருத்தி நூல் டயர்களின் காலத்து அளவுகோல். வலிமையை மட்டுமே குறிக்கிறது. உண்மையான அடுக்கு எண்ணிக்கை பக்கச்சுவரில் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும்: ட்ரெட்டில் (தரையைத் தொடும் பகுதி) 2 பாலியஸ்டர், 2 ஸ்டீல், 1 நைலான், பக்கச்சுவரில் 2 பாலியஸ்டர் என்பதுபோல. பாறைப் பாதையில் அடிக்கடி ஓட்டுபவர் தேட வேண்டியது அந்த வரியில் பக்கச்சுவருக்கு நேரே 3 என்ற எண்ணை. ட்ரெட்டில் ஏற்படும் 6 மி.மீ. வரையிலான ஓட்டையைப் பஞ்சர் ஒட்டிச் சரிசெய்துவிடலாம். பக்கச்சுவர் கிழிந்தால் அந்த டயரின் கதை அங்கேயே முடிந்தது.

அப்படியானால் எல்லோரும் ஈ வரம்பையே வாங்கிவிடலாமே என்று தோன்றும். அதற்கு விலை உண்டு. டயர் ஒவ்வொன்றும் எடை கூடும். ஸ்பிரிங்குக்குக் கீழே கூடும் எடை என்பதால் சிறு குழியும் உள்ளே தெரியும், வேகமெடுக்கவும் நிறுத்தவும் எஞ்சினும் பிரேக்கும் கூடுதலாக உழைக்கும். பெரிய பாரம் ஏற்றாத, டிரெய்லர் இழுக்காத நடுத்தர பிக்கப்புக்கு சி வரம்பு மிகப் பொருத்தமான சமரசம் என்பது என் கருத்து. கனமான டிரெய்லர் இழுப்பவருக்கு ஈ தேவைப்படும்.

‘பி’ வகையிலிருந்து எல்டிக்கு மாறுபவர் ஒன்றைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும்: கதவு ஸ்டிக்கரில் உள்ள அழுத்தம் பழைய டயருக்கானது. அதே எடையைத் தாங்க எல்டி டயருக்குக் கூடுதல் அழுத்தம் தேவை. எவ்வளவு என்பதற்குத் தயாரிப்பாளர்கள் எடை-அழுத்த அட்டவணை வெளியிடுகிறார்கள். கடைக்காரரிடம் அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச அழுத்தத்தையே எப்போதும் நிரப்பி ஓட்டுவதும் தவறு. வெறும் வண்டி அந்த அழுத்தத்தில் துள்ளும்; ட்ரெட்டின் நடுப்பகுதி மட்டும் தேயும்.

படி 5: அளவை மாற்றுவதா என்று முடிவெடுங்கள்

265/70 ஆர்17 டயரின் மொத்த விட்டம் சுமார் 803 மி.மீ. 285/70 ஆர்17-க்கு மாறினால் அது சுமார் 831 மி.மீ. ஆகிறது. விட்டம் 28 மி.மீ. கூடினாலும் ஆக்சிலுக்குக் கீழே கிடைக்கும் கூடுதல் இடைவெளி அதில் பாதிதான், 14 மி.மீ. அதற்கு ஈடாக ஸ்பீடாமீட்டர் 100 காட்டும்போது வண்டி உண்மையில் 103.5 கி.மீ. வேகத்தில் போகும், ஓடிய தூரம் குறைவாகப் பதிவாகும், கியர் விகிதம் நீண்டதுபோல் ஆகி ஏற்றத்தில் வண்டி சோர்வடையும். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது டயர் உள் மட்கார்டில் உரசவும் கூடும். கூட்டிய டயரின் ஸ்டெப்னி அதன் இடத்தில் உட்காருமா என்பதையும் வாங்கும் முன்பே அளந்து பார்க்க வேண்டும். முதல் செட் வாங்கும் தொடக்கநிலையாளர் வண்டியோடு வந்த அளவிலேயே இருப்பது நல்லது.

டயரைவிட ரிம்மின் அளவுதான் கரடுமுரடான பாதையில் அதிக வேறுபாட்டைத் தருகிறது. 275/55 ஆர்20 டயரின் மொத்த விட்டமும் 810 மி.மீ.-ஐ ஒட்டித்தான் வரும்; ஆனால் அதன் பக்கச்சுவர் 151 மி.மீ. மட்டுமே. முன்னே சொன்ன 17 அங்குல டயரில் இது 185 மி.மீ.-க்கு மேல். அந்த மூன்றரை சென்டிமீட்டர் ரப்பர்தான் கல்லில் மோதும்போது வளைந்துகொடுத்து ரிம்மைக் காப்பாற்றுகிறது. காற்றைக் குறைத்து ஓட்டவும் அதுவே இடம் தருகிறது. பிரேக் அமைப்பு அனுமதித்தால், 20 அங்குலத்திலிருந்து 17 அல்லது 18 அங்குல ரிம்முக்கு இறங்குவது நல்ல முதலீடு.

படி 6: வகையைத் தேர்ந்தெடுங்கள்

ஹைவே டெரெய்ன் என்பது தார்ச்சாலைக்கானது: அமைதி, நீண்ட ஆயுள், குறைந்த எரிபொருள் செலவு. ஈரமான புல்வெளியிலேயே இது திணறும். மறுமுனையில் மட் டெரெய்ன். பெரிய பட்டன்கள், அவற்றுக்கிடையே அகலமான வெற்றிடம். சக்கரம் சுழலும் வேகத்தில் சேற்றை வெளியே எறிந்துவிட்டு அடுத்த சுற்றில் புதிதாகப் பிடிக்கும். அதே வெற்றிடத்தால்தான் தார்ச்சாலையில் தரையைத் தொடும் ரப்பர் குறைகிறது, ஒவ்வொரு பட்டனும் தரையில் அறைவதால் வேகம் கூடக்கூட ஒரு ரீங்காரம் எழுகிறது, மழையில் பிரேக் தூரம் நீள்கிறது. மணலிலும் இது சிறந்தது அல்ல. மிதந்து செல்ல வேண்டிய இடத்தில் தோண்டிக்கொண்டு இறங்கிவிடும்.

ஆல் டெரெய்ன் இரண்டுக்கும் நடுவே இருக்கிறது என்று பொதுவாகச் சொல்வதுண்டு. அது முழு உண்மை அல்ல. மணலிலும், இறுகிய பனியிலும், ஈரமான தார்ச்சாலையிலும் ஒரு நல்ல ஆல் டெரெய்ன், மட் டெரெய்னைவிடப் பெரும்பாலும் மேலானது. ஆழமான சேற்றிலும் வழுக்குப் பாறையிலும்தான் பின்தங்கும். ஆகவே படி 1-இல் நீங்கள் எழுதிய தாளில் ஆழமான சேறு அடிக்கடி வராவிட்டால், தயங்காமல் ஆல் டெரெய்ன் பக்கம் செல்லலாம். அண்மைக் காலமாக ரக்டு டெரெய்ன் என்ற இடைப்பட்ட வகையும் விற்கப்படுகிறது. ஓரப் பட்டன்கள் மட் டெரெய்ன்போல் பருத்தும், நடுப்பகுதி சற்று நெருக்கமாகவும் இருக்கும். தோற்றத்துக்காகவே வாங்குபவர்கள் இதில் அதிகம் என்றாலும், சேறும் பாறையும் மாதந்தோறும் பார்க்கும் வண்டிக்கு அது நியாயமான தேர்வு.

பனி பெய்யும் இடத்தில் ஓட்டுபவர் மூன்று சிகரமுள்ள மலையும் நடுவே பனிச்செதிலும் கொண்ட சின்னத்தைத் தேட வேண்டும். அதற்குப் பனியில் பிடிமானச் சோதனை உண்டு. எம்+எஸ் என்ற எழுத்துகளோ பட்டன் அமைப்பை வைத்தே தரப்படுபவை.

படி 7: கடையில் கையால் தொட்டுப் பாருங்கள்

மிஞ்சிய இரண்டு மூன்று மாடல்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு பட்டனைக் கட்டைவிரலால் அழுத்தினால் அதன் மேற்பரப்பில் கத்தியால் கீறியதுபோன்ற மெல்லிய வெட்டுகள் விரியும். ஈரச்சாலையிலும் பனியிலும் பிடிப்பைத் தருபவை அவைதான். அவை எவ்வளவு ஆழம் போகின்றன என்று பாருங்கள். பாதி ஆழத்தோடு நின்றுவிட்டால், டயர் பாதி தேய்ந்ததும் மழைக்கால குணம் போய்விடும். பிறகு பட்டன்களுக்கிடையே உள்ள பள்ளத்தின் அடியில் விரலை ஓட்டுங்கள். சிறு சிறு மேடுகள் தட்டுப்பட்டால், அவை சிக்கிய கல்லை வெளியே தள்ளுவதற்காக வைக்கப்பட்டவை. சரளையில் அதிகம் ஓடுபவருக்கு அவை பயன்படும். தேய்மானக் குறியும் அதே பள்ளத்தில்தான் இருக்கும். பட்டன் அதன் மட்டத்துக்கு வரும்போது 1.6 மி.மீ. ஆழமே மீதி இருக்கும். சட்டப்படி அதுவரை ஓட்டலாம் என்று பல நாடுகள் சொன்னாலும், சேற்றுக்கும் மழைக்கும் அந்த டயர் வெகு முன்னரே ஓய்ந்திருக்கும்.

தயாரிப்புத் தேதியை ஒவ்வொரு டயரிலும் தனித்தனியாகப் பாருங்கள். நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே மாடலாக இருக்க வேண்டும்; நான்கு சக்கர இயக்க வண்டியில் சுற்றளவு வேறுபட்டால் சக்கரங்களுக்கு எஞ்சின் விசையைப் பிரித்துக்கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும் டிஃபரன்ஷியலும் அந்தத் தண்டனையை ஏற்கும். பணம் இடம் கொடுத்தால் ஐந்தாக வாங்கி, ஸ்டெப்னியையும் சுழற்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 8: பூட்டிய பிறகு

பேலன்சிங்கும் அலைன்மென்ட்டும் செய்யாமல் கடையை விட்டுக் கிளம்ப வேண்டாம். 80 முதல் 100 கி.மீ. ஓடியதும் வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சு (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து, வண்டிக் கையேட்டில் உள்ள அளவுக்கு மறுபடி முறுக்க வேண்டும்.

இனி அழுத்தம். எந்த டயரை வாங்கினாலும் கரடுமுரடான பாதையில் அதன் நடத்தையை அதிகம் மாற்றுவது காற்றுதான். 35 பிஎஸ்ஐ வைத்து மணலில் புதையும் வண்டி, அதே டயரோடு 18 பிஎஸ்ஐக்கு இறக்கினால் நடந்து வெளியே வந்துவிடுவதைப் பார்க்கலாம். காற்றைக் குறைக்கும்போது டயர் தரையைத் தொடும் பகுதி அகலத்தில் கொஞ்சமும் நீளத்தில் நிறையவும் வளர்கிறது. சரளைச் சாலைக்கு கால் பங்கு குறைப்பு போதும். 15 பிஎஸ்ஐக்குக் கீழே போனால், திருப்பத்தில் டயரின் விளிம்பு ரிம்மைவிட்டுக் கழன்றுவிடும் ஆபத்து உண்டு. அழுத்தம் குறைந்திருக்கும்போது மெதுவாக ஓட்டுங்கள். தார்ச்சாலை ஏறியதும் முதல் வேலையாகக் காற்றை நிரப்புங்கள். குறைந்த காற்றோடு வேகமாக ஓடினால் பக்கச்சுவர் ஓயாமல் மடங்கி மடங்கி, உள்ளே சூடேறி, டயர் வெடிக்கும். ஆகவே டயருக்கான பணத்தில் ஒரு பகுதியை, நம்பகமான அழுத்தமானிக்கும் 12 வோல்ட் கம்ப்ரஸருக்கும் ஒதுக்கி வையுங்கள். அதற்கு இடமில்லாத அளவுக்கு விலை உயர்ந்த டயரைவிட, ஒரு படி குறைந்த டயரும் கம்ப்ரஸரும் சேர்ந்தது மேல்.

தார்ச்சாலைக்கான சரியான அழுத்தத்தைச் சோதிக்க ஒரு சாக்பீஸ் போதும். ட்ரெட்டின் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு, சமதளச் சாலையில் சிறிது தூரம் நேராக ஓட்டிப் பாருங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம். இரு ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. ஆனால் எடை-அழுத்த அட்டவணை கேட்கும் அளவுக்குக் கீழே இந்தச் சோதனையை நம்பி இறங்கக் கூடாது. 8000 முதல் 10000 கி.மீ.க்கு ஒரு முறை டயர்களை இடம் மாற்றிப் பூட்டுங்கள். ஆல் டெரெய்னின் ஓரப் பட்டன்கள் ரம்பப் பல்லாகத் தேய்ந்து சத்தம் போடத் தொடங்குவதை இது பெருமளவு தள்ளிப்போடும். ஒவ்வொரு முறையும் பாறைப் பாதையிலிருந்து திரும்பியதும், டயரின் உள்பக்கச் சுவரையும் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிப்பக்கத்தில் தெரியாத வெட்டும் வீக்கமும் அங்கேதான் ஒளிந்திருக்கும். வீக்கம் தெரிந்தால் அந்த டயரை உடனே கழற்றிவிட்டு ஸ்டெப்னியைப் பூட்ட வேண்டும்.