பழைய ஒலிம்பஸ் டிரிப் 35 வாங்கும் முன்

மலிவு விலையில் பழைய ஃபிலிம் கேமரா தேடுபவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒலிம்பஸ் டிரிப் 35. பேட்டரியே வேண்டாம், லென்ஸைச் சுற்றியிருக்கும் செலினியம் செல்லே வெளிச்சத்தை அளந்துவிடும். ஆனால் 1984-லேயே தயாரிப்பு நின்றுபோன கேமரா, அதனால் பலவற்றில் அந்த செல் செத்திருக்கும். காசு கொடுக்கும் முன் சோதித்துவிடுங்கள்.

லென்ஸில் உள்ள துளை அளவு (அபெர்ச்சர்) வளையத்தை ‘ஏ’-யில் (ஆட்டோ) வைத்து, ஃபிலிம் சக்கரத்தை முழுதாகச் சுழற்றி, லென்ஸை உள்ளங்கையால் நன்றாக மூடிக்கொண்டு பட்டனை அழுத்துங்கள். வியூஃபைண்டரில் (கண் வைத்துப் பார்க்கும் துளையில்) வெளிச்சம் போதாது என்று காட்டும் சிவப்புக் கொடி எழவேண்டும், ஷட்டர் அடிக்கக் கூடாது. கையை எடுத்து, வெயில் விழும் இடத்தை நோக்கி அழுத்தினால் அடிக்கவேண்டும். வெயிலிலும் கொடி எழுந்தால் வாங்காதீர்கள்.

வெளிச்சம் உள்ளே கசியாமல் தடுக்கும் பின்கதவு ஓரத்து ஃபோம் பிசுபிசுவென்று உதிர்ந்தால் கவலை வேண்டாம். அதைச் சுரண்டிவிட்டுப் புதிதாக ஒட்டிக்கொள்ளலாம்.