போட்டோவில் ஓரமாக நிற்பவரை நடுவுக்குக் கொண்டுவருவது எப்படி?

லால்பாக் கண்ணாடி மாளிகைக்கு முன்னால் குடும்பத்தோடு நின்று படம் எடுக்காத பெங்களூர்த் தமிழர் வீடு அபூர்வம். அப்படி எடுத்த படங்களில் யாராவது ஒருவர், பெரும்பாலும் சித்தி பையன், எல்லோரையும் விட்டு நாலடி தள்ளி புல்தரையின் ஓரத்தில் நிற்பான். அவனை வெட்டிவிட்டால் சித்தி கோபித்துக்கொள்வார், அப்படியே பிரேம் போட்டாலும் நடுவில் ஒரு பள்ளம் தெரியும். அவனைத் தூக்கி மற்றவர்கள் பக்கத்தில் வைப்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். போட்டோஷாப்பை வைத்துச் சொல்கிறேன், ஜிம்ப் என்ற இலவச மென்பொருளை வைத்திருப்பவர்களுக்கும் பிற்பாடு ஒரு பத்தி இருக்கிறது.

முதலில் ஒன்று. ஆளை நகர்த்துவது சுலபம், மென்பொருளே செய்துவிடும். நம்மைக் காட்டிக்கொடுப்பது அவன் காலடிதான். செருப்புக்குக் கீழே ஒரு விரற்கடை அகலத்துக்கு அடர்ந்த கறுப்பு இருக்கும், அதிலிருந்து வெளிறிக்கொண்டே நிழல் ஒரு பக்கமாக நீளும். அதை விட்டுவிட்டு ஆளை மட்டும் வெட்டி எடுத்தால், புது இடத்தில் அவன் புல்லுக்கு மேலே மிதப்பான். அதனால் ஆளை எடுக்கும்போது நிழலையும் சேர்த்தே எடுக்க வேண்டும். ஜூலை மாதம் மேகம் மூடிக் கிடக்கும் நாளில் எடுத்த படமென்றால் நிழல் மங்கலாக இருக்கும், வேலை சீக்கிரம் முடியும். ஜனவரி மலர்க் கண்காட்சிக்குப் போய் காலை வெயிலில் எடுத்ததென்றால் நிழல் நீளமாக, ஓரம் கூர்மையாக விழுந்திருக்கும். அதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

எங்கே வைக்கப்போகிறீர்கள் என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். பக்கவாட்டில் நகர்த்துவதுதான் பாதுகாப்பு. சமதரையில் நிற்கும் ஒருவரைப் படத்தில் மேலே ஏற்றினால் அவர் பின்னால் தள்ளிப் போனதாக அர்த்தம், அப்படியென்றால் உருவமும் சிறுக்க வேண்டும். கீழே இறக்கினால் பெருக்க வேண்டும். ஒரே உயரத்தில் இடமிருந்து வலம் நகர்த்தினால் இந்தக் கணக்கே வேண்டாம். மர நிழலில் நிற்பவரை வெயிலில் கொண்டுபோய் வைக்காதீர்கள், முகத்தில் வெளிச்சம் பொருந்தாது.

ஒரே கருவியில் முடிக்கும் வழி

2012-இல் வந்த சிஎஸ்6 பதிப்பிலிருந்தே போட்டோஷாப்பில் கன்டென்ட் அவேர் மூவ் என்ற கருவி இருக்கிறது. இடப்பக்கக் கருவிப்பட்டையில் பிளாஸ்திரி படம் போட்ட ஹீலிங் பிரஷ்ஷை அழுத்திப் பிடித்தால் உள்ளே ஒளிந்திருக்கும். ஷிஃப்டோடு ஜே விசையைத் தட்டிக்கொண்டே வந்தாலும் மாறி மாறி வந்து சேரும்.

படத்தைத் திறந்ததும் லேயர் பேனலில் கூட்டல் குறியை அழுத்தி ஒரு காலி லேயர் (படத்தின் மேல் விரித்த கண்ணாடித்தாள் போன்ற ஓர் அடுக்கு) போட்டு, அதையே தேர்வில் வைத்துக்கொள்ளுங்கள். மேல்பட்டையில் சாம்பிள் ஆல் லேயர்ஸ் என்பதை டிக் செய்யுங்கள். இப்போது நீங்கள் செய்யும் எல்லாமே அந்தக் காலி லேயரில்தான் விழும், அசல் படத்துக்கு எதுவும் ஆகாது. இதைச் சோம்பல்பட்டு விடாதீர்கள். மோட் என்ற இடத்தில் மூவ் இருக்கட்டும். பக்கத்தில் உள்ள எக்ஸ்டென்ட், சுவரையோ வேலியையோ நீட்டுவதற்கு, நமக்கு இப்போது வேண்டாம். டிரான்ஸ்ஃபார்ம் ஆன் டிராப் என்பதையும் டிக் செய்துவிடுங்கள், வைத்த பிறகு சின்னதாக அளவு மாற்ற உதவும்.

அப்புறம் பையனைச் சுற்றி, நிழலோடு சேர்த்து, தாராளமாகவே ஒரு கோடு வரையுங்கள். உடம்பை ஒட்டி வரைய வேண்டியதில்லை, சுற்றிலும் கொஞ்சம் புல் வந்தால்தான் புது இடத்துப் புல்லோடு கலக்கும். கோட்டுக்குள் சுட்டியை வைத்து இழுத்து, வேண்டிய இடத்தில் விட்டு, என்டர் தட்டுங்கள். அவன் நின்ற இடத்தை மென்பொருளே சுற்றியுள்ள புல்லைப் பார்த்து நிரப்பிவிடும்.

முடிந்ததும் உடனே தேர்வை நீக்கிவிடாதீர்கள். புள்ளிக்கோடு ஓடிக்கொண்டிருக்கும்வரை மேலே உள்ள இரண்டு எண்களை மாற்றிப் பார்க்கலாம், ஒவ்வொரு தடவையும் படம் புதிதாகக் கணக்கிடப்படும். ஸ்ட்ரக்சர் 1 முதல் 7 வரை: எண் கூடக்கூட இருக்கிற உருவத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும், குறைந்தால் ஓரங்களைக் குழைத்துக் கலக்கும். கலர் 0 முதல் 10 வரை: நிறத்தை எவ்வளவு கலக்க வேண்டும் என்பது. புல்லுக்கு 3, 4 போதும். அதற்கு மேல் ஏற்றினால் வெள்ளைச் சட்டையில் பச்சை ஏறக்கூடும். திருப்தியானதும் கண்ட்ரோல் டி தட்டித் தேர்வை நீக்குங்கள்.

பின்னணியில் கோடுகள் இருந்தால்

புல், மணல், வானம், தண்ணீர் இதெல்லாம் மேலே சொன்ன வழிக்கு அடங்கும். கண்ணாடி மாளிகை அடங்காது. 1889-இல் அடிக்கல் நாட்டிய அந்தக் கட்டடம் முழுக்க இரும்புச் சட்டமும் கண்ணாடியும்தான். பையனின் தலைக்குப் பின்னால் அந்தச் சட்டங்கள் போனால் கருவி அவற்றை வளைத்து, உடைத்து, ஒன்றுக்கு இரண்டாக்கி வைக்கும். இங்கே கையால்தான் செய்ய வேண்டும், எனக்கென்னவோ எப்போதுமே இந்த வழிதான் பிடிக்கும்.

பின்னணி லேயரைத் தேர்ந்தெடுத்து, கையால் கோடு வரைந்து தேர்வு செய்யும் லாஸோ கருவியால் பையனையும் நிழலையும் சுற்றி வளைத்துக் கண்ட்ரோல் ஜே. ஆள் தனி லேயருக்கு வந்துவிடுவான். கண் படத்தை அழுத்தி அந்த லேயரை மறைத்து வையுங்கள். இனி முதல் வேலை, அவன் விட்டுப்போன இடத்தை நிரப்புவது. பின்னணி லேயருக்குத் திரும்பி அதே இடத்தை முன்பைவிடச் சற்று அகலமாக வளைத்துக்கொள்ளுங்கள். ஒரு துளி நிழல் வெளியே மிஞ்சினாலும் கறை மாதிரி தெரியும். எடிட் மெனுவில் கன்டென்ட் அவேர் ஃபில்லைத் திறந்தால், எங்கிருந்தெல்லாம் எடுத்து நிரப்பப்போகிறது என்பதைப் பச்சையில் காட்டும். மற்றவர்களின் கைகால்கள், பூச்செடிகள் மேலெல்லாம் பச்சை இருந்தால் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் புல்லில் அத்தையின் புடவைத் தலைப்பு முளைக்கும். அவுட்புட் நியூ லேயர் என்று வைத்து ஓகே கொடுங்கள்.

இரும்புச் சட்டம் எங்காவது அறுந்திருந்தால் குளோன் ஸ்டாம்ப், எஸ் விசை. ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு, ஒழுங்காக இருக்கும் சட்டத்தின் விளிம்பில் ஒரு கிளிக், பிறகு அறுந்த சட்டத்தின் விளிம்பில் அதே புள்ளியில் தொடங்கி இழுங்கள். விளிம்பிலிருந்து விளிம்புக்கு என்பதுதான் முக்கியம், நடுவில் தொடங்கினால் கோடு அரை மில்லிமீட்டர் விலகி அசிங்கமாகத் தெரியும்.

இனி பையனின் லேயரைக் காட்டி, மேலே கொண்டுவந்து, வி விசை தட்டி நகர்த்துங்கள். ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இழுத்தால் மேலும் கீழும் போகாது. ஒரு மாஸ்க் (கறுப்புத் தடவிய இடத்தை அழிக்காமல் மறைக்கும் திரை) சேர்த்து, மெத்தென்ற கறுப்புப் பிரஷ்ஷால் சுற்றியுள்ள பழைய புல்லைத் தடவித் தடவி மறையுங்கள். நிழலின் ஓரத்தில் பிரஷ்ஷின் ஒபாசிட்டியை, அதாவது அடர்த்தியை, 30 சதவீதத்துக்குக் குறைத்துக்கொள்ளுங்கள், செருப்படிக் கறுப்பைத் தொடவே வேண்டாம். தலைமுடிக்குப் பின்னால் மட்டும் சின்னப் பிரஷ்.

ஜிம்ப்பில் இதே வேலையை ஃப்ரீ செலக்ட் கருவியால் வளைத்து, காப்பி எடுத்து, புது லேயராக ஒட்டிச் செய்யலாம். இடத்தை நிரப்ப ரீசிந்தசைசர் என்ற கூடுதல் செருகுநிரலை நிறுவினால் ஹீல் செலக்ஷன் என்ற கட்டளை கிடைக்கும். இரண்டுமே காசில்லாதவை.

இந்த வித்தை புதிதல்ல. நேஷனல் ஜியோகிராஃபிக் 1982 பிப்ரவரி அட்டையில், கிடைமட்டமாக எடுத்த படத்தைச் செங்குத்து அட்டைக்குள் அடக்க எகிப்தின் பிரமிடுகளைக் கணினியில் நெருக்கி வைத்தார்கள், பெரிய சர்ச்சையாகிவிட்டது. வீட்டுப் படத்துக்கு யாரும் கேட்கப்போவதில்லை, ஆனால் செய்திக்கோ போட்டிக்கோ அனுப்பும் படத்தில் இப்படிச் செய்யாதீர்கள்.

முடித்ததும் படத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். பழகிய கண்ணுக்குத் தப்பிய ஒட்டு, திருப்பினால் பளிச்சென்று தெரியும். லேயர்களோடு ஒரு பிஎஸ்டி, அச்சுக்கு ஒரு ஜேபெக் என்று இரண்டாகச் சேமியுங்கள். 4க்கு 6 அங்குலப் பிரிண்டுக்கு 1200க்கு 1800 பிக்சல் போதும், அந்த அளவில் சின்னக் குறைகள் கண்ணில் படாது. பெரிதாக்கிச் சுவரில் மாட்டுவதாக இருந்தால் மட்டும், ஸ்டூடியோவுக்கு அனுப்புமுன் நூறு சதவீதத்தில் வைத்துக் காலடியை இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள்.