பழ ஈ எந்தச் செடியைத் தின்றது? வயிற்று டி.என்.ஏ.வில் பார்க்கும் முறை

மாம்பழத்துக்குள் நெளியும் புழு எதைத் தின்கிறது என்பதில் ரகசியமில்லை. வளர்ந்த பழ ஈ, அதாவது பேக்ட்ரோசெரா டார்சாலிஸ், எங்கே போய் வயிற்றை நிரப்புகிறது என்பதுதான் கேள்வி. பூந்தேன், அசுவினி கழிக்கும் தேன்கசிவு, வெடித்த பழத்தின் சாறு, பறவை எச்சம், எதையும் விடாது.

1. பிடிப்பது
கைவலையே நல்லது. புரத இரைப் பொறி வேண்டாம். இரையில் சோயாவோ சோளமோ இருந்தால் அதுவே முடிவில் வந்து நிற்கும். மெத்தில் யூஜினால் என்னும் கவர்ச்சிப் பொருள் வைத்த பொறியில் ஆண் ஈக்கள்தான் விழும், வெயிலில் செத்துக் கிடந்தால் டி.என்.ஏ.வும் சிதையும். குழாய்க்கு ஒரே ஈ, 95% எத்தனால், மைனஸ் 20 டிகிரி. பழ ஈ குடித்ததைக் கக்கும். பத்தை ஒன்றாகப் போட்டால் ஒன்றின் வாந்தி மற்றதன் மேல்.

2. கழுவுவது
பலரும் சறுக்கும் இடம் இது. காலிலும் மயிரிலும் ஒட்டிய மகரந்தமும் மாம்பாலும் 'உணவு' என்று கணக்கில் ஏறிவிடும். கால், இறக்கைகளை வெட்டி எறியுங்கள். எத்தனாலைத் தண்ணீரில் அலசி நீக்கிய பிறகே பிளீச்சில் இடுங்கள். இரண்டும் கலந்தால் குளோரோஃபார்ம் உண்டாகும். பிளீச்சான 1% சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஒரு நிமிடம் குலுக்கி, காய்ச்சி வடித்த நீரில் மூன்று முறை அலசவும். வயிறு கிழிந்த ஈக்குப் பிளீச் வேண்டாம், உள்ளே போய் தேடுவதையே அழிக்கும். கடைசி அலசல் நீரில் கொஞ்சம் எடுத்து வைத்து அதையும் பி.சி.ஆர். (டி.என்.ஏ.வைப் பல படியாகப் பெருக்கும் முறை) செய்யுங்கள். ஜெல்லில் டி.என்.ஏ. பட்டை தெரிந்தால் கழுவல் போதவில்லை.

3. பிரித்தெடுப்பது
வயிற்றை மட்டும் அரைக்கும் சிறு மணிகளோடு அரைத்து, 2% சிடிஏபி (செல்லை உடைத்து டி.என்.ஏ.வை வெளிக்கொணரும் சோப்பு போன்ற பொருள்) கரைசல் 500 மைக்ரோலிட்டரில் 65 டிகிரியில் ஒரு மணி நேரம். சர்க்கரை நிறைந்த வயிற்றுக்கு விலை கூடிய கிட்டைவிட இதையே நம்பலாம். ஈ இல்லாத வெற்றுக் குழாய் ஒன்றும் கூடவே போகட்டும்.

4. பி.சி.ஆர்.
செரித்த டி.என்.ஏ. துண்டு துண்டாக இருக்கும். நீளமான ஆர்பிசிஎல் என்னும் செடி மரபணுவைத் தேடி ஏமாறாமல், டிஆர்என்எல் என்னும் செடி மரபணுவின் சிறு துண்டைப் பிடிக்கும் ஜி-ஹெச் பிரைமர் (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் குறுகிய டி.என்.ஏ. துண்டு) எடுங்கள். 55 டிகிரி, 35 சுற்று, பி.சி.ஆரைத் தடுக்கும் பொருள்களைச் சமாளிக்கக் கொஞ்சம் பிஎஸ்ஏ என்னும் மாட்டு இரத்தப் புரதம். பட்டை மிகச் சிறியது, பிரைமர்கள் ஒட்டிக்கொண்டு தரும் பொய்ப்பட்டைக்குப் பக்கத்திலேயே நிற்கும். 3% அகரோஸ் ஜெல்லில்தான் பிரிந்து தெரியும்.

எந்தச் செடி என்று அறிய டி.என்.ஏ.வின் எழுத்து வரிசையைப் படிக்க வேண்டும். அதற்கு, ஒரு நேரத்தில் ஒரு வரிசையை மட்டும் படிக்கும் சாங்கர் முறைக்கு அனுப்பாதீர்கள். பல செடிகள் கலந்திருந்தால் உச்சிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். ஒவ்வொரு ஈயின் டி.என்.ஏ.வுக்கும் ஒரு அடையாளக் குறி சேர்த்து, பல வரிசைகளை ஒரே நேரத்தில் தனித்தனியே படிக்கும் அடுத்த தலைமுறை வரிசைமுறைக்குத்தான் போக வேண்டும். 'மாமரமா, இல்லையா' என்பது மட்டுமே கேள்வியென்றால் மாமரத்துக்கான தனிப் பிரைமரோடு சாதாரண பி.சி.ஆர். போதும், செலவும் மிச்சம்.

பின்னர் சேர்த்தது: வெற்றுக் குழாயில் நெல், கோதுமை வருகிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் அது ஆய்வக மேசைத் தூசி. அந்த வரிசைகளை ஈக்களின் கணக்கிலிருந்தும் கழியுங்கள். கொய்யா வந்தால் கொய்யாவைத் தின்றதாகவும் எழுதிவிடாதீர்கள். கொய்யா தின்ற பறவையின் எச்சத்தை நக்கியிருக்கலாம்.